பேழைக்கு வெளியே கேட்ட குரல்கள்
'நோவா' திரைப்படமும் அதைத் தடுத்தவர்களும் மெச்சியவர்களும்

டரன் அரொனொவ்ஸ்கி இயக்கிய 'நோவா' 2014 மார்ச் இறுதியில் அமெரிக்காவில் வெளியானது. அதற்கு முன்னரே ஐக்கிய அரபு இராச்சியம், கட்டார், பாரெய்ன் ஆகிய மூன்று வளைகுடா நாடுகளும் அதைத் தடைசெய்துவிட்டன. இறைதூதர் ஒருவரை நடிகர் ஒருவர் நடித்துக் காட்டுவது இஸ்லாமிய நெறிக்கு முரணானது என்று கெய்ரோவின் அல்-அஸ்ஹர் அதே மாதத் தொடக்கத்தில் அறிவித்தது. எமிரேட்சில் அப்போதிருந்த தேசிய ஊடகச் சபையின் அதிகாரி, படத்தில் இஸ்லாத்துக்கும் பைபிளுக்கும் முரணான காட்சிகள் இருப்பதாகக் காரணம் சொன்னார். இந்தோனேசியாவும் மலேசியாவும் இதே வழியிற் போயின. சவூதி அரேபியா தடைசெய்ய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. 2018 வரையில் அங்கு வணிகத் திரையரங்குகள் திறக்கப்படவில்லை.

பத்து வருடங்களுக்கு மேல் பழசாகிப்போன ஒரு ஹொலிவூட் படத்தைப் பற்றி இப்போது என்ன எழுத்து என்று வாசகர்கள் கேட்கலாம். படத்தைத் தடுத்தவர்களும் படத்தைத் திட்டியவர்களும் படத்தைப் புகழ்ந்தவர்களும் ஏறத்தாழ ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: படம் வேதத்துக்கு விசுவாசமாக இருக்கிறதா, இல்லையா? படத்தின் நடுவில் கிடக்கும் வேறொரு கேள்வியை அவர்கள் தாண்டிப் போய்விட்டார்கள். அந்தக் கேள்வி நம்மைப் போன்றவர்களுக்கு உரியது. நாம் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கப்போவதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

தடையும் ஒரு விமர்சனமே

2012இலிருந்து 2016 வரை டுபாயின் கராமாப் பகுதியில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை செய்தேன். ஆகவே இந்தத் தடை எனக்குப் பத்திரிகைச் செய்தி மாத்திரமல்ல. ஆனால் அதைக் கேலிசெய்வது என் நோக்கமும் அல்ல. 'மூடர்கள், கலையை அறியாதவர்கள்' என்று ஐரோப்பாவில் இருந்துகொண்டு எழுதுவது சுலபம். இறைதூதரின் முகத்தைக் காட்டக்கூடாது என்பதற்குள் ஆழமான ஒரு அழகியல் எண்ணம் இருக்கிறது. ஒரு முகத்தைக் கொடுத்துவிட்டால், கேட்பவன் மனதில் இருந்த ஆயிரம் முகங்கள் அழிந்துபோகின்றன. முஸ்தபா அக்காட் 1976இல் எடுத்த 'தி மெசேஜ்' படத்தில் நபிகளின் உருவமோ குரலோ இல்லை. கமெரா நின்ற இடத்தில் அவர் நிற்பதாக நாம் கொள்கிறோம். மற்ற நடிகர்கள் கமெராவைப் பார்த்துப் பேசுகிறார்கள். ஒரு தடையிலிருந்து பிறந்த உத்தி அது. மோசமான உத்தியென்று யாரும் சொல்லமுடியாது.

என் பிரச்சினை வேறு. தடைசெய்த அரசுகள் அந்த நெறியை எப்போதும் ஒரேமாதிரிப் பிடித்திருந்தனவா? 2004இல் மெல் கிப்சனின் 'தி பாஷன் ஒவ் த கிறைஸ்ட்' எமிரேட்சிலும் கட்டாரிலும் திரையரங்குகளில் ஓடியது. ஈசா நபியும் இறைதூதர்தான். அவர் சிலுவையில் கொல்லப்படவில்லை என்பது குர்ஆனின் நிலைப்பாடு. ஆக, உருவத்திலும் சம்பவத்திலும் அந்தப் படம் இரட்டை முரண். அயலில் குவைத் அதை அனுமதிக்கவில்லை. எமிரேட்சும் கட்டாரும் அனுமதித்தன. 2012 ரமழானில், டுபாயைத் தளமாகக் கொண்டிருந்த எம்.பி.சி. தொலைக்காட்சி கலீபா உமரைப் பற்றிய 'உமர்' தொடரை ஒளிபரப்பியது. கலீபாவை ஒரு நடிகர் நடித்தார். அல்-அஸ்ஹர் எதிர்த்தது. தொடர் நிற்கவில்லை. 2014 டிசம்பரில் மோசேயைப் பற்றிய ரிட்லி ஸ்கொட்டின் 'எக்சோடஸ்' வந்தபோது எகிப்தும் எமிரேட்சும் மறுபடி கதவை மூடின. அந்த முறை சரித்திரப் பிழைகளும் காரணமாகச் சொல்லப்பட்டன.

நெறி ஒன்றாக இருந்தும் தீர்ப்பு மாறி மாறி வந்திருக்கிறது என்றால், தீர்ப்பை எழுதியது நெறி மாத்திரமல்ல. யாருடைய மனம் புண்படும், யாருடைய மனம் புண்பட்டால் பாதகமில்லை என்ற கணக்கும் அதில் இருக்கிறது. அரசின் தடையும் ஒருவகை விமர்சனம்தான். ஒரு வரியில் எழுதப்படும் விமர்சனம் அது. மறுபேச்சு இல்லாததுதான் அதன் குறை. 2021 டிசம்பரில் எமிரேட்ஸ் 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்ற புதிய வகுப்பை அறிவித்து, படங்களை வெட்டாமல் அவற்றின் சர்வதேச வடிவிலேயே காட்டப்போவதாகச் சொன்னது. அடுத்த வருடம் ஒரு கார்ட்டூன் படம் தடைப்பட்டது. கதவு அகலமாகியிருக்கலாம். கதவுக்காரர் மாறவில்லை.

மேற்கில் என்ன பேசினார்கள்

சுமார் 12.5 கோடி டொலர் செலவில் எடுக்கப்பட்டு உலகம் முழுவதும் 36 கோடி டொலர் அளவுக்கு வசூலித்த படம் இது. ரசல் குறோ நோவாவாகவும் ஜெனிபர் கொனலி மனைவியாகவும், அன்ரனி ஹொப்கின்ஸ் மெத்தூசலாவாகவும் நடித்தார்கள். அமெரிக்கப் பத்திரிகை விமர்சகர்களிற் பெரும்பாலானோர் ஓரளவு பாராட்டியே எழுதினார்கள். படம் பார்த்துவிட்டு வெளியே வந்த சனங்களோ 'சி' என்று மட்டமான புள்ளி கொடுத்தார்கள். வேதக்கதை பார்க்கப் போனவர்களுக்கு வேறெதுவோ கிடைத்துவிட்டது.

சுவிசேஷக் கிறிஸ்தவர்களின் கோபம் படம் வருமுன்பே தொடங்கிவிட்டது. இது நோவாவின் கதையால் தூண்டப்பட்ட படைப்பு, கலைஞரின் சுதந்திரம் இதில் எடுக்கப்பட்டிருக்கிறது என்ற பொருளில் ஒரு அறிவித்தலை பரமவுண்ட் நிறுவனம் 2014 பெப்ரவரியில் விளம்பரங்களிற் சேர்த்தது. கடவுள் என்று சொல்லாமல் 'படைத்தவர்' என்கிறார்களே, நோவா மரக்கறி தின்கிறானே, சுற்றுச்சூழல்வாதிகளின் பிரசாரமாகிவிட்டதே, கல்லாலான இராட்சதர்கள் எந்த அதிகாரத்தில் வருகிறார்கள் என்றெல்லாம் கேட்டார்கள். படத்தைக் கடுமையாகத் தாக்கியவர்களுள் கென் ஹாம் என்ற போதகரும் ஒருவர். அவருடைய அமைப்பு 2016இல் கென்டக்கி மாநிலத்தில் 510 அடி நீளத்தில் ஒரு பேழையைக் கட்டி முடித்தது. நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கலாம்.

முழ அளவு சரியாக இருந்தால் வேதத்துக்கு விசுவாசமாகிவிடலாம் என்பது ஒரு தரப்பு. உருவமே காட்டாவிட்டால் வேதம் பத்திரமாக இருக்கும் என்பது மற்றத் தரப்பு. இரு தரப்பும் ஒருவரையொருவர் கண்டால் முகம் கொடுத்துக் கதைக்கமாட்டார்கள். ஆனால் இந்தப் படத்தின் முன் இருவரும் ஒரே வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள்.

குசினியில் மூன்று வேதங்கள்

திரையரங்கில் தடுத்த படம் சில மாதங்களில் ஒரு யு.எஸ்.பி. குச்சியில் எங்கள் அறைக்கு வந்தது. எட்டுப் பேர் தங்கிய அறை. இரவு ஒன்றரைக்குக் கடை பூட்டி, அடுப்புத் துடைத்து, குளித்துவிட்டு வந்து ஒரு மடிக்கணினியைச் சுற்றி இருந்து பார்த்தோம். எந்தத் திரைப்பட விழாவிலும் அப்படியொரு சபை கூடியிருக்காது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

தந்தூர் அடுப்புக்குப் பொறுப்பான பெஷாவர்க்காரர் பார்க்க மறுத்துவிட்டார். நூஹ் நபியின் முகத்தை ஒரு நடிகனின் முகமாக மனதில் வைத்துக்கொள்ளத் தனக்கு விருப்பமில்லை என்றார். எங்களைத் தடுக்கவுமில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மலையாளி அச்சாயன் பெந்தெகொஸ்தே சபைக்காரர். பைபிளில் இல்லாதது ஒவ்வொன்றாக வர வர விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். கல் இராட்சதர்கள் வந்ததும் 'போச்சு' என்று கையை விரித்துவிட்டார்.

அப்போதுதான் பாத்திரம் கழுவும் எத்தியோப்பியப் பெடியன் வாய் திறந்தான். இவர்கள் தன்னுடைய வேதத்தில் இருக்கிறார்களே என்றான். அவன் சொன்னது உண்மை. வானத்திலிருந்து இறங்கிவந்த 'காவலர்கள்' ஏனோக்கின் புத்தகத்தில் வருகிறார்கள். மற்றத் திருச்சபைகள் பெரும்பாலும் ஒதுக்கிவைத்த அந்தப் புத்தகத்தை எத்தியோப்பிய ஓர்த்தடொக்ஸ் திருச்சபை தன் வேதத்திலேயே வைத்துக் காத்தது. முழுமையான பிரதி கீயெஸ் மொழியிலேதான் எஞ்சியிருக்கிறது. அரொனொவ்ஸ்கி அவர்களை மாற்றியிருக்கிறார் என்பதும் உண்மையே. ஏனோக்கில் பெண்களின் மேல் இச்சைகொண்டு இறங்கியவர்கள், படத்தில் மனிதருக்கு இரங்கி இறங்கித் தண்டனையாகக் கல்லுக்குள் அடைபட்டவர்கள். ஆயினும் 'பைபிளில் இல்லை' என்று அமெரிக்காவில் நடந்த கூச்சலுக்கு 'யாருடைய பைபிளில்?' என்ற மறுகேள்வி அந்தக் குசினி அறையில் கிடைத்துவிட்டது. மாதக்கணக்காகப் பத்திரிகைகள் எழுதியதில் எனக்குக் கிடைக்காத தெளிவு அது.

பேழை மூடப்படுகிறது. வெள்ளம் வந்துவிட்டது. வெளியே சனங்கள் கத்துகிறார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் சுவர்ப்பக்கம் படுத்திருந்த பெஷாவர்க்காரர், திரும்பாமலே, அது என்ன சத்தம் என்று கேட்டார். சொன்னோம். கொஞ்சம் பொறுத்து, அவருடைய மகனும் அதற்குள் இருந்தான் என்றார்.

குர்ஆனின் ஹூத் அத்தியாயத்தில் அந்தக் கதை இருக்கிறது. நூஹ் தன் மகனைக் கப்பலில் ஏறும்படி கூப்பிடுகிறார். அவன் மலையில் ஏறித் தப்பிக்கொள்வேன் என்கிறான். இருவருக்கும் நடுவில் அலை வந்துவிடுகிறது. பிறகு தகப்பன் இறைவனிடம் முறையிடுகிறார், அவன் என் குடும்பத்தவன் அல்லவா என்று. அவன் உன் குடும்பத்தவன் அல்ல என்று பதில் வருகிறது. இறைவனின் தீர்ப்பை அந்த மனிதர் எங்களுக்கு விளக்க முயலவில்லை. தகப்பன் கேட்டார், கேட்காமல் இருக்கவில்லை என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

கேட்காத நோவா

ஆதியாகமத்தின் நோவா கேட்கவில்லை. 6ஆம் அதிகாரத்திலிருந்து 9ஆம் அதிகாரம் வரை வாசித்துப் பாருங்கள். கட்டளை வருகிறது, கட்டுகிறான். ஏறு என்கிறது, ஏறுகிறான். வெள்ளம் வந்து வடிந்து, பலி செலுத்தி, திராட்சை நட்டு, வெறித்து விழுந்து எழும்பிய பிறகுதான் அவன் வாய் திறந்து பேசியதாக ஒரு வார்த்தை பதிவாகிறது. அந்த முதல் வார்த்தை சாபம். சோதோமுக்காக ஆபிரகாம் பேரம் பேசினார். ஐம்பது நீதிமான்கள் என்று தொடங்கிப் பத்து வரை இறக்கினார். தன் சனத்துக்காக மோசே மன்றாடினார். நோவா ஏன் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்று யூத மரபின் உரையாசிரியர்கள் நூற்றாண்டுகளாகவே குறைப்பட்டிருக்கிறார்கள்.

அரொனொவ்ஸ்கியின் படம் இந்த மௌனத்துக்குள் இறங்குகிறது. படத்தின் உண்மையான துணிச்சல் இதுதான். கல் இராட்சதர்களைப் பற்றிய அமளியில் இது காணாமற்போனது. பேழைக்குள் குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. வெளியே ஒரு பாறை உச்சியில் மனிதர் ஒருவர்மேல் ஒருவர் ஏறித் தொங்குகிறார்கள். அலை வந்து அடித்துக்கொண்டு போகிறது. கூக்குரல் பலகையைத் துளைத்து உள்ளே வருகிறது. இடம் இருக்கிறதே, உதவலாமே என்று குடும்பத்தவர்கள் கேட்கிறார்கள். நோவா மறுக்கிறான். பிறகு அவன் செய்வது என்ன? கதை சொல்லுகிறான். ஆதியிலே ஒன்றுமில்லை என்று தொடங்கி உலகம் உண்டான கதையைச் சொல்லுகிறான். வெளிச்சமும் மீனும் பறவையும் மனிதனும் ஒவ்வொன்றாய் வர, வெளியே குரல்கள் அடங்கிப்போகின்றன.

நான் பார்த்த வேதப் படங்கள் எதிலும் இப்படியொரு காட்சி இல்லை. பரிசுத்தமான கதையொன்று, வெளியில் சாகிறவர்களின் சத்தத்துக்கு மேலாகச் சொல்லப்படுகிறது. அரசுகளும் மதங்களும் விடுதலை இயக்கங்களும் தங்கள் ஆதிக்கதையை எப்போது உரத்துச் சொல்லுகின்றன என்று யோசித்துப் பார்த்தால், அந்தக் காட்சியின் பொருள் விளங்கும். மகாவம்சத்தைச் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு மாத்திரம் இது பொருந்தும் என்று நாம் தப்பிக்க முடியாது. நம்முடைய கதைகளையும் நாம் அப்படித்தான் சொல்லியிருக்கிறோம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் துரத்தப்பட்டபோது எந்தக் கதையை உரத்துச் சொல்லிக்கொண்டிருந்தோம்?

முகமில்லாதவர்கள்

அவ்வளவு தூரம் வந்த படம் அதற்குப் பிறகு பின்வாங்குகிறது. இதுதான் என் முக்கியமான குறை.

வெளியே நிற்பவர்களைப் படம் எப்படிக் காட்டியிருக்கிறது? தூபால் காயீனின் படை. இறைச்சிக்காகப் பெண்பிள்ளைகளை விற்பவர்கள். சேறும் இரத்தமுமாக, பிரித்தறிய முடியாத ஒரு கூட்டம். அவர்கள் மூழ்கும்போது நமக்கு அதிகம் நோகக்கூடாது என்பதற்காக முன்கூட்டியே செய்துவைத்த ஏற்பாடு இது. அழிப்பதற்கு முன் அழுக்காகக் காட்டவேண்டும் என்ற விதி வேதப் படங்களுக்கு மாத்திரம் உரியதல்ல. 2009இல் இலங்கை அரசு வன்னியில் நடத்தியதற்கு 'மனிதாபிமான நடவடிக்கை' என்று பெயர் வைத்திருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள்.

ஒரேயொரு முகம் கொடுக்கப்படுகிறது. காம், பிணக்குழி ஒன்றுக்குள் கண்டெடுக்கும் ஒரு இளம்பெண். அவளைக் கையில் பிடித்துப் பேழைக்கு இழுத்து வருகிறான். மிருகங்களுக்கு வைத்த பொறியில் அவள் கால் அகப்படுகிறது. நோவா வந்து மகனை மாத்திரம் இழுத்துக்கொண்டு போகிறான். பின்னால் வரும் கூட்டம் அவளை மிதித்துக்கொண்டு போகிறது. படத்தில் என் நெஞ்சை அடைத்த இடம் இது. ஆனால் அவளுக்காகத் துக்கப்படும் வேலையைப் படம் காமிடம் மாத்திரம் ஒப்படைத்துவிட்டு, மற்றவர்களோடு நகர்ந்துவிடுகிறது.

பின்பாதியில் இரக்கம் என்ற பிரச்சினை வீட்டுக்குள் சுருங்கிவிடுகிறது. மனித இனமே முடியவேண்டும் என்று நம்பும் நோவா, பேழையில் பிறக்கும் தன் பேத்திகளைக் கொல்லக் கத்தியோடு நிற்கிறான். முகத்தைப் பார்த்ததும் கை தாழ்கிறது. நன்றாக நடிக்கப்பட்ட காட்சி. ஆனால் என்ன சொல்லுகிறது? சொந்த இரத்தத்தைக் கண்டால் இரக்கம் வரும் என்கிறது. அது எல்லோருக்கும் வரும். தூபால் காயீனுக்கும் வந்திருக்கும். கயிறு எறியலாமா என்ற முதற் கேள்விக்குப் படம் திரும்பி வரவேயில்லை.

இன்னொரு விஷயம். இந்தப் படத்தில் மனித குலம் முழுவதும் வெள்ளை நிறம். இதைப் பற்றிக் கேள்வி எழுந்தபோது, திரைக்கதையில் பங்கெடுத்த ஆரி ஹன்டெல், இது எல்லா மனிதருக்குமான புராணக்கதை, ஆகவே இனம் முக்கியமல்ல என்ற கருத்தில் பதில் சொன்னார். எல்லா மனிதருக்குமான முகம் என்று தேடினால் எப்போதும் ஒரே நிறந்தான் அகப்படுகிறது! வளைகுடாவில் வேலை செய்தவர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. ஒரே வேலைக்குக் கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்த்துச் சம்பளம் போடும் இடங்கள் அங்கே உண்டு. கடவுச்சீட்டை முதலாளி வாங்கித் தன் லாச்சியில் பூட்டிவைப்பதும் உண்டு. என்னுடையது நான்கு வருடம் அப்படிக் கிடந்தது. யார் எந்த மாடியில் இருப்பது என்பது பேழைக்குள்ளும் தீர்மானிக்கப்பட்டே இருக்கிறது.

எங்கள் கடல்

பிரளயம் தமிழனுக்கு அந்நியமான கதையல்ல. மணிமேகலையில் புகார் நகரத்தைக் கடல் கொள்கிறது. மகனை இழந்த துயரத்தில் அரசன் இந்திர விழாவை மறந்தான், அதற்காக நகரமே அழிந்தது. ஒருவன் பிழைக்கு ஊர் முழுவதற்கும் தண்டனை என்ற நியாயம் நம்முடைய இலக்கியத்திலும் இருக்கிறது. ஆனால் நகரம் அழிந்த பிறகு மாதவியும் சுதமதியும் அறவண அடிகளும் வஞ்சிக்குப் போய்ச் சேர்ந்ததைக் காவியம் மறக்காமல் சொல்லுகிறது. தப்பியவர்கள் எங்கே போனார்கள் என்ற விசாரம் அதற்கு இருந்தது. 2004 டிசம்பர் 26இல் முல்லைத்தீவுக் கரையைக் கடல் துடைத்துச் சென்றபோதும், பாவத்தின் சம்பளம் என்று பிரசங்கித்தவர்கள் இருந்தார்கள். அள்ளிப் புதைத்தவர்கள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

மன்னாரிலும் யாழ்ப்பாணத்துக் கரையோரங்களிலும் கத்தோலிக்க மீனவர்கள் பரம்பரையாக ஆடிவரும் கூத்துகளையும் இங்கே நினைத்துப் பார்க்கவேண்டும். எஸ்தாக்கியார் கூத்தில் குடும்பம் கடலாலும் ஆற்றாலும் பிரிந்து சிதறுகிறது. முந்தின நாள் வலை இழுத்தவன்தான் மறுநாள் இரவு எஸ்தாக்கியார். பரிசுத்தவானின் முகம் இப்படித்தான் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. பிரிந்தவர்களுக்காகச் சனம் அழுகிறது. மரியசேவியர் அடிகள் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றத்தின் திருப்பாடுகளின் காட்சிகளைப் பார்த்தவர்களுக்கும் இது தெரியும். வேதக் கதையை அளக்க எங்களிடம் இருந்த கோல் இது. அதில் முழக்கணக்கு இல்லை. இழந்தவனுக்குப் பக்கத்தில் நிற்கிறதா என்பதே அளவு. அந்தக் கோலால் அளந்தால் 'நோவா' பாதி தேறுகிறது, பாதி தவறுகிறது.

டுபாயில் இந்தப் படம் தடைபடுவதற்கு ஏறத்தாழ ஒரு வருடத்துக்கு முந்திய நிலைமையையும் சொல்லவேண்டும். 2012இல் நடுக்கடலில் படகொன்றிலிருந்து மீட்கப்பட்ட ஈழத்தமிழர்கள் டுபாயின் ஜெபல் அலித் துறைமுகத்தில் இறக்கப்பட்டார்கள். அவர்களிற் பலரை ஐ.நா. அகதிகள் அமைப்பு அகதிகளாக ஏற்றுக்கொண்டது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் எமிரேட்ஸ் கையெழுத்திடவில்லை. 2013 ஏப்ரலில், அவர்களுள் 19 பேர் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்படும் ஆபத்தில் இருப்பதாக மனித உரிமை அமைப்புகள் எச்சரித்தன. கராமாவில் நாங்கள் கறி காய்ச்சிக்கொண்டிருந்த இடத்திலிருந்து அந்தத் துறைமுகம் ஒரு மணித்தியாலத் தூரங்கூட இல்லை. வேலை விசாவில் வந்த நாங்கள் உள்ளே, கடலால் வந்த அவர்கள் வாசலில். இரண்டு கூட்டமும் ஒரே ஊரிலிருந்து புறப்பட்டதுதான். இறைதூதரின் முகம் திரையில் தெரியலாமா என்று அடுத்த வருடம் எழுந்த சர்ச்சையை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் நூஹ் நபியின் கதையில் ஒரு படகும் இருக்கிறது என்பதை அந்தச் சர்ச்சையில் ஒருவரும் நினைவுபடுத்தவில்லை.

உள்ளே இருப்பவர்கள்

இதுவரை எழுதியதைப் பார்த்து, நாமெல்லாம் பாறை உச்சியில் தொங்கியவர்கள் என்று வாசகர் முடிவுகட்டினால் அது பாதி உண்மைதான். 2008 செப்ரெம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டபோது, அவர்களின் வாசலில் சனங்கள் கூடிப் போகவேண்டாம் என்று மன்றாடினார்கள். அந்தக் காட்சி படம்பிடிக்கப்பட்டு உலகம் பார்த்தது. 2012 நவம்பரில் ஐ.நா.வின் சொந்த உள்ளக ஆய்வறிக்கையே தன் தவறை ஒப்புக்கொண்டது. அந்த வாசலில் நின்றவர்கள் பேழைக்கு வெளியே நின்றவர்கள்.

ஆனால் இந்தச் சஞ்சிகையைக் கையில் வைத்திருக்கும் நீங்களும் இதை எழுதும் நானும் உள்ளே இருக்கிறோம். ஏஜென்சிக்குக் கட்டக் காசிருந்ததால், கொழும்பில் ஒரு தெரிந்த ஆள் இருந்ததால், வெளிநாட்டில் ஒரு மாமா இருந்ததால் ஏறினோம். நீதிமான்கள் என்பதால் அல்ல. புகலிடக் கோயில்களிலும் சபைகளிலும் 'ஆண்டவர் எங்களைத் தெரிந்தெடுத்துக் காப்பாற்றினார்' என்று சாட்சி சொல்லக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழும்புகிறது. அப்படியானால் முள்ளிவாய்க்காலில் நின்றவர்களை யார் தெரிந்தெடுத்தது? நன்றி சொல்லுவது மனித இயல்பு. தெரிவுசெய்யப்பட்டவர்கள் என்று சொல்லுவது வேறு. அந்த ஒரு சொல் வெளியே நின்றவர்களைக் குற்றவாளிகளாக்கிவிடுகிறது.

படத்தின் கடைசிப் பகுதியில் நோவா கரையில் ஒரு குகைக்குள் தனியாகக் குடித்துக் கிடக்கிறான். அமெரிக்க விசுவாசிகள் சிலர் இதையும் விரும்பவில்லை. வேதத்தில் உள்ளதுதான். தப்பியவன் ஏன் குடிக்கிறான் என்று எனக்கு யாரும் உரை எழுதித்தர வேண்டியதில்லை. லாச்சப்பலில் இரவு வேலை முடிந்து போகும்போது அந்த நோவாக்களைத் தாண்டித்தான் மெற்றோவுக்குப் போகிறேன். அவர்களைக் குடிகாரர் என்று திட்டுவோர், அவர்கள் எந்தச் சத்தத்தை அடக்கக் குடிக்கிறார்கள் என்று ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம்.

ஆதியாகமத்தில் அந்த வெறிக்குப் பிறகு, காமின் மகன் கானான்மீது சாபம் விழுகிறது. அந்தச் சாபத்தைப் பிடித்துக்கொண்டு அமெரிக்காவில் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்ததற்கு நியாயம் எழுதினார்கள். அரொனொவ்ஸ்கி தன் நோவாவின் வாயில் அந்தச் சாபத்தை வைக்கவில்லை. காம் தானாகவே ஒரு மூட்டையோடு விலகிப் போகிறான். விமர்சகர்கள் இதை ஒரு வரியிற் தாண்டிவிட்டார்கள். எனக்கு இதுதான் படத்தின் பெறுமதியான முடிவு. பேழையில் இருந்த எட்டுப் பேரிலும், பொறியில் கால் அகப்பட்ட பெண்ணை மறக்க முடியாதவன் அவன் ஒருவன்தான். தகப்பன் காப்பாற்றிய உயிரோடு, தகப்பன் செய்ததை மன்னிக்கவும் முடியாமல், அவன் தேசாந்திரம் போகிறான்.

புகலிடத்தில் எழுதப்படுபவற்றுள் எனக்கு முக்கியமானவை காமின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டவைதான். தான் ஏறினேன் என்பதை மறைக்காமல், ஏறமுடியாதுபோனவரின் பெயரையும் சொல்லிவிடுகிற எழுத்துகள். அரொனொவ்ஸ்கி அந்தப் பெண்ணுக்கு நா-எல் என்று ஒரு பெயர் வைத்திருந்தார். வேதத்தில் இல்லாத பெயர். அந்த ஒரு மீறலுக்காகவே இந்தப் படத்தைப் பார்க்கவேண்டும் என்று சிபாரிசு செய்கிறேன்.